ஏலத்தில் போன நாற்பத்தொரு புத்தகங்கள்

ஈச்சன்விளை ஜெபதாஸின் வீட்டு மேசைமேல் இருந்த தத்துவப் புத்தகம் அறுபத்து மூன்று கிலோ எடை இருந்தது. இருநூற்றுப் பத்து பக்கம், மெல்லிய அட்டை, உள்ளே படம் எதுவும் கிடையாது. எடை போட்டவர் அரிசி வியாபாரி தாணுலிங்கம். அவருடைய தராசில் பிழை உண்டு என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, அதாவது அவர் காதில் விழும்படி சொன்னதில்லை. அதே வாரம் மற்ற நாற்பது வீடுகளுக்கும் அந்தத் தராசு போயிற்று. ஓய்வு பெற்ற நர்ஸ் ராஜபாயின் வீட்டில் இருந்த முதலீட்டுப் புத்தகம் நாற்பத்தெட்டு கிலோ. தாணுலிங்கத்துக்கே வாய்த்தது பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய ஒரு நாவல். அது முப்பத்தொன்று. எல்லா எடையையும் அவர் அரிசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு குறித்து வைத்தார்.

புத்தகங்கள் உண்மையில் கிளை நூலகத்துக்கு வந்தவை. நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் வந்தால் ஈச்சன்விளை. இறங்கும் இடத்திலேயே நூலகம். நூலகர் சிந்தியா பொறுப்பேற்றபோது அங்கே போட்டித் தேர்வு வழிகாட்டிகளும் அட்டை போன சமையல் குறிப்புகளும்தான் இருந்தன. தேர்வு எழுதி முடித்தவர்களுக்குப் படிக்க இங்கே ஒன்றுமில்லை என்று அவள் பதினோரு மனு எழுதினாள். பதினோராவது மனுவுக்குப் பதில் வந்தது. பணவிஷயம், தத்துவம், இளையோர் நாவல் என்று நாற்பத்தொரு புதிய புத்தகங்கள் அனுப்பப்படும்; ஜனவரி கடைசியில் அதிகாரி வந்து எண்ணும்போது நாற்பத்தொன்றும் அலமாரியில் இருக்க வேண்டும்; ஒன்று குறைந்தாலும் கிளை மூடப்பட்டு நாகர்கோவிலோடு சேர்க்கப்படும். சிந்தியா அந்தக் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

பார்சல் வேன் வந்தது அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. சிந்தியா மேலும் இரண்டு நாள் லீவு போட்டு, அக்கா பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குத் தேங்காய்ப்பட்டணம் போயிருந்தாள். வேன்காரர் மூட்டைகளை எதிரே இருந்த சர்ச் வராந்தாவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. வராந்தா நிறைய வாழைக்குலை, தேங்காய், சேனைக்கிழங்கு, கால் கட்டிய சேவல்கள். ஆராதனை முடிந்ததும் சபையார் கொண்டுவந்த காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். ஏலம் போடுவது முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்த ஜெபதாஸ். மூட்டையைப் பிரித்தபோது புத்தகங்கள் வந்தன. வளைகுடாவில் வேலை பார்க்கும் எவனோ அனுப்பியிருக்கிறான் என்று நினைத்து அவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். அந்த ஏலத்தில் பொருள் எது என்று பார்ப்பது மரியாதையில்லை. ஒற்றைத் தேங்காய்க்கு ஒரு மூட்டை தேங்காயின் விலை கேட்பதுதான் கௌரவம். வருடா வருடம் சேவல் எடுக்க வரும் தாணுலிங்கம்கூட, சேவல் கைவிட்டுப் போன ஆத்திரத்தில் நாவலை எடுத்தார். கடைசியாக மிஞ்சிய தத்துவப் புத்தகத்தை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததை ஏலம் போடுபவரே எடுக்க வேண்டும் என்பது முறை. ஜெபதாஸ் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விஷயம் தெரிந்து சிந்தியா வீடு வீடாக ஓடினாள். காணிக்கை ஏலத்தில் எடுத்ததைத் திருப்பித் தரும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆனாலும் போதகர் எடுத்துச் சொன்னபின் எல்லோரும் சம்மதித்தார்கள். புத்தகங்கள் சம்மதிக்கவில்லை. ஒரே இரவில் அவை கனத்துவிட்டிருந்தன. வீட்டுக்குள் இரண்டு பேர் சேர்ந்தால் நகர்த்தலாம். வாசல்படியைத் தாண்டவைக்க ஆறு பேர் சேர்ந்தாலும் முடியவில்லை. ராஜபாய்தான் வழியைக் கண்டுபிடித்தாள். அசையாமல் கிடக்கிறதே என்று சும்மா பத்துப் பக்கம் படித்தாள். மறுநாள் தராசில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அவளுடைய தங்கை வந்து படித்துப் பார்த்ததில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஏலத்தில் எடுத்தவர்தான் படிக்க வேண்டும், முழுதாகப் படிக்க வேண்டும் என்பது அந்த வாரக் கடைசிக்குள் ஊருக்குத் தெளிவாகிவிட்டது. வேறு வழியில்லாமல் நாற்பத்தொரு வீட்டிலும் படிப்பு நடந்தது.

ராஜபாய் நான்காம் அத்தியாயத்தில் இருந்தபோது, ஆறு மாதத்தில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவள் ஏழு கேள்வி கேட்டாள். ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமலே அவன் எழுந்து போனான். தாணுலிங்கத்தின் நாவலில் அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்ட ஒரு பெண் வந்தாள். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தவர், பாதியில் மூடிவைத்துவிட்டு, பிளஸ் டூ படிக்கும் மகள் அஸ்வதியிடம் போனார். இதுபோல நீயும் எதையாவது சொல்லாமல் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். அவள் இரண்டு நாள் யோசித்து, இன்ஜினியரிங் படிக்கத் தனக்கு இஷ்டமில்லை என்றாள். அவர் ஒரு வாய் சோறு இறங்காமல் எழுந்துபோனார். பிறகு திரும்பி வந்து, வேறு என்ன இஷ்டம் என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் நாவல் ஆறு கிலோ குறைந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்தபோது முப்பத்தாறு புத்தகங்கள் அலமாரிக்கு வந்திருந்தன; பொங்கலுக்கு நாற்பது. வராதது ஜெபதாஸின் புத்தகம் மட்டும். அவர் படிக்காமல் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், அதுவும் சண்டை போட்டுக்கொண்டு. புத்தகம் ஒரு கேள்வி கேட்டால், பஸ்ஸின் பின்படிக்கட்டிலிருந்து முன்படிக்கட்டுக்குக் கேட்கும் குரலில் பதில் சொன்னார். மனைவி இறந்து ஏழு வருடம். அவள் இருந்தவரை அந்த வீட்டில் எந்தப் பேச்சும் எதிர்ப்பேச்சு இல்லாமல் முடிந்ததில்லை. அவள் போனபிறகு அவர் ஏலத்தன்று மட்டும்தான் வாய் திறந்தார். இப்போது தெருவுக்கே அவர் குரல் கேட்டது, ஊர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதிகாரி வர நான்கு நாள் இருந்தபோது அந்தக் குரல் நின்றுவிட்டது.

சிந்தியா போய்ப் பார்த்தாள். புத்தகம் கடைசிப் பக்கத்தில் திறந்து கிடந்தது. ஜெபதாஸ் அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"மாமா, வியாழக்கிழமை ஆபீசர் வாறாரு. இது ஒண்ணு இல்லேண்ணா லைப்ரரிய பூட்டிருவாவ. ஒரு பக்கந்தானே கெடக்கு?"

"அதத்தான் மக்ளே நானும் பாத்துட்டு இருக்கேன்," என்றார் ஜெபதாஸ். "இதையும் படிச்சிட்டா, அப்புறம் இந்த வீட்ல எங்கூட யாரு பேசுவா?"

சிந்தியா கோபத்தோடுதான் வந்திருந்தாள். தன் வேலைக்காக ஒரு மனிதரின் பேச்சுத்துணையைப் பிடுங்க வந்திருக்கிறோமே என்று இப்போது அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திருப்பித் தந்தத மறுபடியும் எடுக்கலாம் மாமா. எத்தன தடவ வேணும்னாலும் எடுக்கலாம். லைப்ரரி தொறந்து இருந்தாத்தான் எடுக்க முடியும்."

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். நாற்பது எண்ணினார். நாற்பத்தொன்றாவதற்காக அவரை ஜெபதாஸின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஊரில் பாதி பேர் பின்னாலேயே போனார்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் மிச்சம் வைத்த புத்தகம் அரைக் கிலோதான் இருந்தது. அதிகாரி ஒரு கையால் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வாசல்படியில் கை அந்தரத்திலேயே நின்றுவிட, தோளைத் தடவிக்கொண்டு திரும்பி வந்து மேசைமேல் வைத்தார். ஜெபதாஸ் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று வாசித்தார். கேட்டவர் போன பிறகும் கேள்வி இருக்கும் என்று முடிந்தது அந்தப் பக்கம். தாணுலிங்கம் எடுத்துப்போய்ப் பார்த்தார், படி தாண்டவில்லை. ஜெபதாஸ் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை வாசித்தார். அப்போதும் தாண்டவில்லை. ஏலத்தில் எதுவும் மூன்றாம் தரம் சொல்லாமல் கைமாறாது என்பது அவருக்குத்தானே தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரம் வாசித்தார், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல். பிறகு புத்தகத்தைத் தானே எடுத்துப் படியைத் தாண்டினார். அதன் எடை இருநூற்று எழுபது கிராம். அதிகாரி பதிவேட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். குறிப்பு என்ற இடத்தில் 'எடை சரி' என்று சேர்த்துவிட்டு, மதியப் பஸ்ஸுக்குப் போனார்.

நூலகம் இப்போதும் திறந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகும்போது படி தடுப்பதில்லை என்றாலும், யார் பெயரில் பதிந்தாலும் புத்தகம் கனத்துவிடுவதால், பாதியை அங்கேயே உட்கார்ந்து படித்து எடையைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிப்போவது ஊரில் பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் பெஞ்சில் இடம் கிடைப்பதில்லை. அஸ்வதிக்குப் பத்து பக்கத்துக்கு மேல் நின்றுகொண்டு படிக்க முடியாது. தாணுலிங்கம் கடையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். சிந்தியா மேசைக்கருகே ஒரு தராசும் வைத்திருக்கிறாள்.

அதிகாரி வந்துபோன மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. சனிக்கிழமை காலை கதவு திறக்கும்போது வாசலில் ஜெபதாஸ் நின்றார். அதே தத்துவப் புத்தகம் வேண்டும் என்றார். சிந்தியா அவர் பெயரை எழுதி முடித்ததும் மேசை கிறீச்சென்றது. தராசில் பழையபடி அறுபத்து மூன்று கிலோ. பெஞ்சில் உட்கார்ந்து படித்துக் குறைத்துக்கொண்டு போகலாமே மாமா என்று அவள் சொன்னதற்கு, ஒரு கிராம்கூடக் குறையாமல் வீட்டுக்கு வர வேண்டும் என்றார். வெளியே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. தூக்குவதற்கு இரண்டு ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.