தொண்ணூற்றேழு மதிப்பெண்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பொய்யென்றால் என் மீசை ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்து போகட்டும். சாட்சி வேண்டுமென்பவர்கள் அந்தக் கைக்கடிகாரத்தையே கேட்டுக்கொள்ளலாம். பொய் சொல்லத் தெரியாத இயந்திரம் அது.

டாக்டர் செத்தவரின் நாடியை மூன்றாவது முறையாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. உடம்பு விறைச்சிருக்கு. நடுராத்திரிக்குக் கொஞ்சம் பின்னாடியே போயிருக்கணும்."

சேதி கேட்டதும் கிடைத்த முதல் ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்திருந்த மகள், தன் போனை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "அப்போ இது என்ன டாக்டர்? அப்பா கடிகாரத்துல விடியற வரைக்கும் நாடி ஓடியிருக்கு. நிமிஷத்துக்கு அறுபத்தொண்ணு."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பச்சைக் கோடு ஒன்று விடியும்வரை அமைதியாக ஓடியிருந்தது. அதன் கீழே, 'நேற்று அருமையாக உறங்கினீர்கள், வாழ்த்துகள்' என்று இருந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, நான்காவது முறையாக மணிக்கட்டைப் பிடித்தார்.

வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த சித்தப்பா எட்டிப் பார்த்தார். "தூக்கத்துக்கு எவ்வளவு மார்க்?"

"தொண்ணூத்தேழு."

"உசுரோட இருந்தப்போ எங்கண்ணன் எந்தப் பரீட்சையிலயும் முப்பத்தஞ்சைத் தாண்டினதில்ல" என்றார் சித்தப்பா. அடுத்த நாற்காலியை எடுக்கப் போனார்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்க ராத்திரி ஷிப்ட். ஓய்வு கொடுத்த கம்பெனி அவரிடம் சொன்னதே தவிர, அவர் உடம்பிடம் சொல்லவில்லை. ஊரே தூங்கும்போது ஹாலில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவரை ஆந்தை என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நிஜ ஆந்தை அவரோடு போட்டி போட்டு, விடிவதற்குள் தோற்றுப் பறந்துபோனதும் உண்டு.

அம்மா நேர் எதிர். பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து ஜன்னல் வழியாக விழுந்த அன்று, ஒரு செங்கல்லை இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு புரண்டு படுத்தவள். இப்படித்தான் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

மகள் கணக்கு டீச்சர். மார்க் போடாத எதையும் நம்பமாட்டாள். அப்பாவுக்குக் கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டு, அதைத் தன் போனோடு இணைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். அது பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளக்கும். கை அசைகிறதா என்று பார்க்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து, ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, அரைத் தூக்கம் இவ்வளவு என்று விடிந்ததும் மதிப்பெண் போடும்.

முதல் மாதம் முழுக்க அப்பா பெயில். தினமும் காலையில் போன் வரும்.

"என்னப்பா, இன்னிக்கும் இருபத்தி ரெண்டா? கஞ்சத்தனமா தூங்கறீங்க!"

"கேள்வித்தாள் கஷ்டமா இருந்துச்சும்மா."

அப்புறம் திடீரென்று எண்பது, தொண்ணூறு என்று வரத் தொடங்கியது. மகள் அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டினாள். அப்பா தூங்குகிறார் என்ற நிம்மதியில் அவளும் தூங்கினாள்.

இப்போது அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். போகும்போது அப்பா தூக்கத்தில் போனாரா, இல்லை தனியாக விழித்திருந்து தவித்தாரா? தூங்கினார் என்கிறது கடிகாரம். செத்த பிறகும் தூங்கினார் என்கிறதே, அதை எப்படி நம்புவது?

"சரி, அந்தக் கடிகாரம் எங்கே?" என்றார் டாக்டர்.

நான்கு முறை நாடி பிடித்த கையில் கடிகாரம் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா சால்வையைக் கொஞ்சம் விலக்கினாள். அவள் மணிக்கட்டில் பச்சை வெளிச்சம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"அட!" என்றார் சித்தப்பா. "பரீட்சைக்கு ஆள் மாத்தி உட்கார வச்சிருக்காரு எங்கண்ணன்!" சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பாதியில் முகம் கோணிப்போனது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

டாக்டர் மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அம்மா சமையலறைக்குப் போனாள். மகள் பின்னாலேயே போனாள்.

"எத்தனை நாளாம்மா இது?"

"ரெண்டாவது மாசத்துலேர்ந்து. நான் கண் அசந்ததும் வந்து கட்டுவாரு. விடியறதுக்குள்ள அவுத்துடுவாரு. நீ திட்டுவேன்னு பயம்."

"நீதான் தூங்கிடுவியே. உனக்கு எப்படித் தெரியும்?"

அம்மா ஒரு டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

"கையை ஊதி ஊதிச் சூடாக்கிக்கிட்டுத்தான் தொடுவாரு. வார்ல ஓட்டை தட்டுப்படாது அவருக்கு. ரொம்ப நேரம் தடவித் தேடுவாரு." குழாயை மூடினாள். "முழிச்சுக்கிட்டா கட்டமாட்டாரே."

மகள் மேடையில் சாய்ந்துகொண்டாள். "நேத்து?"

"நேத்தும் கட்டினாரு. கட்டிட்டு எப்பவும் ஹாலுக்குப் போயிடுவாரு. நேத்து நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. என் கையை விடல. கொஞ்ச நேரத்துல தலை சாஞ்சிடுச்சு. சரி, மனுஷனுக்கு இப்பவாவது தூக்கம் வந்துச்சேன்னு..."

"வந்துச்சேன்னு?"

"அசையாம கிடந்தேன். எழுப்பிடக் கூடாதில்ல."

"விடியற வரைக்குமா?"

"கை மரத்துப்போச்சு" என்றாள் அம்மா.

மகள் வாரை அவிழ்க்கக் கையை நீட்டினாள். அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வாசலில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

அந்த இரவின் கணக்கு மகளின் போனில் இன்னும் இருக்கிறது. ஒரு புரளல்கூட இல்லாத ஆழ்ந்த உறக்கம், வாங்கிய நாளிலிருந்து இதுவே மிக உயர்ந்த மதிப்பெண் என்கிறது கடிகாரம். அந்தக் கைக்குச் சொந்தக்காரி அன்று ஒரு கணம்கூடத் தூங்கவில்லை.