கதவுக்கு வெளியே ஒரு அவசரம்

மூன்றாவது மாடியில், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நர்ஸ் நயமாகவும் பேசிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். உள்ளே இருந்த பெயிண்டர் மசியவில்லை. மனநலப் பிரிவிலிருந்து வீடு வீடாகப் போய் ஊசி போடுவது அவள் வேலை. மாத ஊசியைத் தவறவிட்டதிலிருந்து, சுவருக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அவன் கதவை அடைத்துக்கொண்டுவிட்டான். இன்றும் போடாவிட்டால் நாளை ஆம்புலன்ஸோடு ஆட்கள் வந்து கதவை உடைத்துத் தூக்கிப் போவார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன தடவை அப்படித் தூக்கிப் போனதைத் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அந்த அவமானம் அவனுக்கு மறுபடி வரக் கூடாது என்று அவள் துடித்தாள்.

"தம்பி, உங்களுக்கு உதவி பண்ணத்தான் வந்திருக்கேன்."

"எனக்கு யார் உதவியும் வேண்டாம். போங்க சிஸ்டர்."

காலையிலிருந்து போன வீட்டிலெல்லாம் கொடுத்த டீயை மறுக்காமல் குடித்திருந்தாள். அது இப்போது தன் வேலையைக் காட்டியது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இதமான வாக்கியங்கள் எல்லாம் காற்றில் பறந்தன.

"ஊசி கிடக்கட்டும் தம்பி. எனக்கு பாத்ரூம் போகணும். ரொம்ப அவசரம்."

"பக்கத்து வீட்டுல கேளுங்க."

"பூட்டிக் கிடக்கு."

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது.

"உள்ள சுத்தமா இல்ல சிஸ்டர்."

"பரவாயில்ல."

"அதெப்படி? இருங்க, கழுவிட்டுத் திறக்கறேன்."

வாளியில் தண்ணீர் கொட்டியது. அந்தச் சத்தம் வேறு அவள் உயிரை வாங்கியது. எத்தனையோ பேரைப் பொறுமையாக இருக்கச் சொன்னவள், இப்போது காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்தாள்.

"போதும் தம்பி, பளபளன்னு வேண்டாம்!"

"மூலையில கறை இருக்கு. அரைகுறையா வேலை செஞ்சு எனக்குப் பழக்கமில்ல."

ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. தாடி மண்டிய முகம், எலும்பும் தோலுமான உடம்பு. நலம் விசாரிக்கக்கூட நிற்காமல் அவள் உள்ளே ஓடினாள்.

வெளியே வந்தபோது அவன் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான்.

"சுவரு இன்னும் பேசுதா தம்பி?"

"பேசுது. கழுவிட்டிருந்தப்போ மட்டும் கேட்கல." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "ஊசி போட்டா குறையுமா?"

"குறையும். ஆனா உடனே இல்ல, கொஞ்ச நாளாகும்."

அவன் யோசித்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். ஊசியை எடுக்கும்போது அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அவள் கிளம்பியபோது வாசல்வரை வந்தான்.

"அடுத்த மாசம் வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க சிஸ்டர். கழுவி வெக்கறேன்."