விற்பவர் பெயர்

சின்னசேலத்திலிருந்து கல்வராயன் மலைத்தேனை இணையத்தில் விற்றுவந்தாள் மணிமொழி. திடீரென அந்த விற்பனைத்தளம் விற்பவர்களின் பெயர்களை நீக்கி, எல்லாப் பொருள்களிலும் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. மணிமொழி மற்ற விற்பனையாளர்களை வாட்ஸ்அப்பில் திரட்டினாள். எல்லோரும் விற்பனையை நிறுத்தியதும் அந்தத் தளத்தின் மேலாளர் வீடியோ அழைப்பில் எல்லோருடனும் பேச வந்தார்.

"பேர் இல்லன்னாலும் பொருள் விக்குமே மேடம்?"

"விக்கும்ங்க. தேன் சரியில்லன்னா வாங்கினவங்க யாரக் கேப்பாங்க? நான்தான பதில் சொல்லணும்? என் பேர எடுக்க நீங்க யாருங்க?"

அடுத்து, அரிசி விற்கும் களமருதூர் அய்யனார் தன் கடைப்பெயரை உரக்கச் சொன்னார். ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள். பெயர்களைத் திரும்பப் போடுவதாக மேலாளர் ஒப்புக்கொண்டார்.

மறுவாரம் பெயர்கள் திரும்பின.

"உன் பேரு வந்துட்டிச்சி!" என்று கணவன் சுபாஷ் கத்தினான்.

"எல்லார் பேரும் வந்துச்சா, பாருங்க" என்றாள் மணிமொழி, நிமிர்ந்து.