நாற்பதில் கொதித்த தண்ணீர்

பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் தண்ணீர் நாற்பது டிகிரியில் கொதித்தது. முந்தைய வாரம்வரை அங்கேயும் நூறில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. அறிவியல் ஆசிரியர் ஓய்வு பெற்றபின் ஏழு வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில், வாரத்தில் நான்கு பீரியட் சும்மா இருக்கிறார் என்ற ஒரே தகுதிக்காக விளையாட்டு ஆசிரியரை நிறுத்தினார் தலைமையாசிரியர். புத்தகம் இன்னும் அச்சாகி வரவில்லை. வெயில் நாற்பதைத் தொட்டால் மைதானத்தில் பிள்ளைகள் சுருண்டு விழுவார்கள் என்பது ஒன்றுதான் வெப்பத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். கொதிநிலை என்று தலைப்பிட்டு அந்த நாற்பதையே கரும்பலகையில் எழுதினார். பர்னர்மேல் இருந்த தண்ணீர் உடனே தளதளவென்று கொதித்து அவர் மானத்தைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து அந்த அறையில் அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. காந்தம் பித்தளையை இழுத்தது. பிள்ளைகள் கொதிக்கிற தண்ணீரை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் தெளித்து விளையாடினார்கள்.

செய்முறைத் தேர்வு வேறொரு பள்ளியில் நடந்தது. அங்கே கொதிக்கும் பீக்கருக்குள் விழுந்த தெர்மாமீட்டரை எடுக்க ஆ பிரிவுப் பெண் ஒருத்தி சாதாரணமாகக் கையை விட்டாள். மணிக்கட்டுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. எழுதுகிற கை. பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் பாய்லர் ஓட்டுகிறவள். பாய்லர் பக்கத்தில் நிற்பதற்கே அவள் இரண்டு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க அப்படி எந்தத் தொந்தரவும் இல்லை.

"உங்க வாத்தியாருக்குப் பாடம் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லுங்க சார்" என்று பள்ளிக்கு வந்து கேட்டாள் அம்மா.

"பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சாப் போதாதாம்மா? வாத்தியாருக்கு எதுக்கு?" என்ற தலைமையாசிரியர், அவளை அறைக்கே அழைத்துப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். அவள் கொண்டுவந்த தெர்மாமீட்டரே நாற்பது காட்டியது. "பாத்தீங்களா? சார் சொன்னது சரிதானே!"

"இந்த ரூமுக்குள்ள சரி. எம்பொண்ணு காலம் முழுக்க இந்த ரூமுக்குள்ளயே குடியிருக்கப் போறாளா?"

"எனக்குத் தெரியாதுன்னு நாலு தடவ எழுதிக் குடுத்தேன்க்கா" என்றார் விளையாட்டு ஆசிரியர், விசிலைக் கையில் உருட்டியபடி. உண்மைதான். நான்கு கடிதங்களும் பத்திரமாகக் கோப்பில் இருந்தன. ஒன்றில்கூட எழுத்துப்பிழை இல்லாததால், மொழிப்பாடத்தையும் இவர் தலையில் கட்டலாமா என்று தலைமையாசிரியர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிகள் விசாரித்து, குற்றம் செய்முறைத் தேர்வு நடந்த பள்ளியின் தண்ணீருடையது என்று கண்டுபிடித்தார்கள். மேற்கொண்டு குழப்பம் வரக்கூடாது என்று பொதுத்தேர்வையும் விடைத்தாள் திருத்துவதையும் ஆ பிரிவு அறைக்கே மாற்றினார்கள். மூன்று வாரமும் அம்மாவின் பாய்லர் அறையில் உட்கார்ந்து பாடத்தில் ஒவ்வொன்றையும் சரிபார்த்திருந்த அந்தப் பெண், எதற்கு மதிப்பெண் விழும் என்று நன்றாகத் தெரிந்தே, இடது கையால் கோணல்மாணலாக 'நூறு' என்று எழுதினாள். மற்றதையும் வெளியே உள்ளபடியே எழுதினாள். அவள் ஒருத்திதான் ஃபெயில். அந்த விடைத்தாளின் நகலை வாங்கி அம்மா பாய்லர் லைசென்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

பள்ளிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. அந்த அறையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுவதால் ஆசிரியர்கள் டீயை இப்போது அங்கேதான் போடுகிறார்கள். தூள் இறங்காது, பால் பச்சையாக நாறும். பழகிவிட்டது.