முப்பத்தொரு பேர் ஏறிய வல்லம்

கட்டா மீனின் முதுகைக் கீறி, குடலை எடுத்தெறிந்து, உப்பைத் திணித்துத் தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள் அடைக்கலமேரி. விடிய உட்கார்ந்தவள், உச்சிவெயில் ஏறியும் எழுந்தபாடில்லை. மணல்மேட்டு வாடியில் மாசி மாதம் அப்படித்தான். மீன் விழுகிற நாளில் யாருக்கும் இடுப்பு வலிக்கக் கூடாது. நண்டுத்துறை ஊரே வீட்டுப் படலைச் சாத்திவிட்டு, சட்டி பானை, கோழி, பிள்ளை குட்டியோடு கடல்வழியாக இங்கே வந்து கீற்றுக் கொட்டகை போட்டுக்கொள்ளும். மாசியும் பங்குனியும் மீனைப் பிடித்துக் காயவைத்துவிட்டுத்தான் திரும்பும். பாட்டன் காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

உப்புநீர்க் கழியைக் கடந்து ஒரு ஆள் தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார். வேட்டி தொடைக்கு மேலே ஏறியிருந்தது. ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் குடை.

"ஏக்கா, நம்ம வாத்தியாருல்ல அது!" என்றாள் பக்கத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்த அழகி. "இந்த வெயில்ல இவருக்கு என்ன வந்துச்சு?"

செல்லமுத்து வாத்தியார்தான். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து மனிதர். நண்டுத்துறை போர்டுப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருத்தரே வாத்தியார். வந்தவர் வாயைத் திறக்க முடியாமல் கொட்டகை நிழலில் தொப்பென்று உட்கார்ந்தார். அடைக்கலமேரியின் மகள் ஞானமணி ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஒரே மூச்சில் குடித்தார்.

"நாளைக்கு ஆபீசர் வாறாரும்மா. காலையில பத்து மணிக்கு. நான் தவறாம பள்ளிக்கூடத்துல இருக்கணும்னு கடுதாசி வந்திருக்கு."

"வரட்டும், நல்லதுதானே?"

"என்னத்த நல்லது? பனையேறி இருளாண்டி வீட்டுப் பிள்ளைக ரெண்டுதான் பெஞ்சுல ஒக்காந்திருக்கு. மத்ததெல்லாம் இங்கிட்டுல்ல கெடக்கு! போன மாசியில வந்தப்பயும் அந்த ரெண்டத்தான் பாத்தாரு. இருபது பேருக்குக் கொறஞ்சா பள்ளிக்கூடத்த மூடவேண்டியதுதான்னு எழுதி வச்சுட்டுப் போனாரு. இந்தத் தடவையும் ரெண்டுன்னா மூடிட்டுத்தான் மறுவேலை பாப்பாங்க."

அடைக்கலமேரியின் கத்தி பாதி மீனில் நின்றது. ஞானமணி ஐந்தாம் வகுப்பு. சித்திரையில் பரீட்சை. அதில் தேறிச் சர்ட்டிபிகேட் வாங்கி வந்தால், தஞ்சாவூரில் தங்கிப் படிக்கச் சேர்த்துக்கொள்கிறோம் என்று கன்னியர் மடத்து அம்மாமார்கள் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் புருசனுக்குக் கூட அதை எழுதியாயிற்று. இன்னும் இரண்டே மாதம்! நண்டுத்துறைப் பள்ளிக்கூடத்தை விட்டால் கட்டுமாவடிதான். போக நாலு மைல், வர நாலு மைல், நடுவில் மழை பெய்தால் ஆள் மூழ்கும் கழி. பொட்டப்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? நாளை மறுநாளே அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு இந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான்.

"பத்து மணிக்குத்தானே?" என்று எழுந்தாள். "எல்லாத்தையும் கொண்டுபோய் ஒக்காரவச்சுட்டா?"

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "எப்படிம்மா? கழியில பெரியவங்களுக்கே இடுப்புத் தண்ணி."

"கழி எதுக்கு? கடல் இருக்குல்ல!"

அவளுடைய கொழுந்தன் இன்னாசிக்குப் பாய் கட்டி ஓட்டும் சொந்த வல்லம் இருந்தது. வலை உதறிக்கொண்டிருந்தவன் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டான்.

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா மதினி? இன்னைக்கு கட்டா எப்பிடி விழுந்துச்சுன்னு பாத்தீங்கல்ல? நாளைக்கு வலைய மடக்கி வச்சுட்டுப் பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஊர்வலம் போகச் சொல்றீங்களா?"

"கட்டா நாளான்னைக்கும் வரும். ஆபீசரு வருவாரா? ஒம்மவன் மண்ணுல பேரெழுதிக் காட்டுனப்ப, வாடி முழுக்கக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டுனியே, அப்ப இனிச்சுதா?"

இன்னாசி தலையைச் சொறிந்தான். வானத்தைப் பார்த்தான். அவன் வானத்தைப் பார்க்கிறான் என்றால் பாதி சம்மதம்.

"விடியக் கரைக்காத்து கெளம்பும். வெயில் ஏறுனா செத்துப்போகும். மொகம் தெரியுறப்ப எல்லாம் ஏறிருக்கணும். ஒருத்தருக்காகவும் நிக்க மாட்டேன், ஆமா!"

அதற்குப் பிறகு வாடி வாடியாக இல்லை. அடைக்கலமேரி கொட்டகை கொட்டகையாக நுழைந்தாள். கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வீட்டில் சத்தியமே வாங்கிவிட்டாள். "எம்மவன் போயிட்டா காயப்போட்டத யாரு பெரட்டுறது, காக்காயா?" என்று அழகி மல்லுக்கு நின்றாள்.

"நாளைக்கு ஒரு நாள் நீ எல்லாருக்கும் சேத்துப் பாத்துக்க. நான் வந்து ஒனக்கு ரெண்டு நாள் பெரட்டித் தாரேன்."

"பேச்சு மாற மாட்டியே?"

"அந்தோணியார் மேல ஆணை!"

சாயங்காலம் வாத்தியார் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். போன வருசம் ஆபீசர் மீன் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கை விட்டு எடுக்கவே இல்லையாம். அவ்வளவுதான். அடைக்கலமேரி பெட்டியைத் திறந்து, கிறிஸ்துமஸுக்குக் கொழும்பிலிருந்து வந்த வாசனைச் சோப்பை எடுத்தாள். காகிதம்கூடப் பிரிக்காமல் வைத்திருந்த சோப்பு. மணலில் தோண்டிய ஊற்றுப் பக்கம் முப்பத்தொரு பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, ஒன்றையொன்று தேய்க்கவைத்தாள். கடைசிப் பிள்ளையின் முறை வரும்போது சோப்பு வெற்றிலை கனத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஒருத்தன் கையை ஒருத்தன் மோந்து பார்த்துக் கூத்தடித்தார்கள். சட்டை இல்லாதவனுக்குச் சட்டை இரண்டு வைத்திருந்தவன் கொடுத்தான். ஞானமணி தன் ரிப்பனைப் பாதியாகக் கிழித்து இன்னொருத்திக்குக் கட்டிவிட்டாள்.

கிழக்கு வெளுக்கும்போது வல்லம் புறப்பட்டது. பாய் விம்மிக்கொண்டு நின்றது. அடேயப்பா, என்ன சத்தம்! வாத்தியார் நடுவில் உட்கார்ந்து, மனசுக்குள் இருந்த ரிஜிஸ்தரைப் பார்த்துப் பேர் பேராகக் கூப்பிட, "ஆஜர் சார்!" "ஆஜர் சார்!" என்று கடல் அதிர்ந்தது. ஆபீசர் என்ன கேட்பார், எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை நடந்தது. "நம்ம ராஜா யாருன்னு கேட்டா?" என்றார் வாத்தியார். "இன்னாசி!" என்று கத்தினான் ஒரு பொடியன். சுக்கானைப் பிடித்திருந்த இன்னாசி உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஊர்க் கோயிலின் சிலுவை கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் காற்று செத்தது. பாய் தொங்கிப்போயிற்று. இன்னாசியும் கூட வந்த இரண்டு பேரும் கம்பு ஊன்றித் தள்ளினார்கள். கடல் வற்றுகிற வத்தநேரம்; தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வல்லம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வாத்தியார் சூரியனைப் பார்த்தார். "ஒம்பதரை இருக்கும். போச்சு!"

"என்ன போச்சு?" அடைக்கலமேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பொதக்கென்று குதித்தாள். சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது. பெரிய பையன்கள் அவளுக்குப் பின்னால் குதித்தார்கள்.

"டேய், சட்டை நனையுதுடா! சேறு படுதுடா!" என்று கதறிய வாத்தியார், கடைசியில் தானும் குதித்துத் தோளைக் கொடுத்தார். ஆளுக்கொரு பக்கம் தள்ளினால் வல்லம் அசையுமா? "வாய்ப்பாடு சொல்லுங்கடா!" என்றார். மேலே இருந்த பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "ஈரெண்டு..." என்றதும் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள்; "நாலு!" என்றதும் தள்ளினார்கள். ஈரெட்டுப் பதினாறில் வல்லம் அசைந்தது. இரண்டாம் வாய்ப்பாடு முடிந்து மூன்றாம் வாய்ப்பாட்டில் கரையைத் தொட்டது.

கட்டுமாவடிச் சாலையில் ஒரு கூண்டுவண்டி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மொட்டைவண்டி.

"ஓடுங்க!" என்றாள் அடைக்கலமேரி.

முப்பத்தொரு பிள்ளைகளும் சூடு மணலில் கால் பாவாமல் ஓடினார்கள். தண்ணீர் இன்னும் வற்றுமுன் வல்லத்தை ஆழத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இன்னாசியும் ஆட்களும் திரும்பினார்கள். வாத்தியார் ஓடுகிற ஓட்டத்திலேயே மணியை அடித்தார். வண்டி வாசலில் நின்றபோது, ஏற்கெனவே இருந்த இருளாண்டி பிள்ளைகள் இரண்டும் சேர, எல்லாரும் வகுப்பு வகுப்பாகப் பெஞ்சுகளில் நெருக்கிக்கொண்டு, இரைக்கிற மூச்சை அடக்கிக்கொண்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்ற அடைக்கலமேரிக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. ஜெயிச்சாச்சு!

"நமஸ்காரம் சார்!"

ஆபீசர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நடுவயசு, கோட்டு, தலைப்பாகை; கடுகடுப்பான முகம் இல்லை. "இத்தனை பேரா!" என்றார்.

"முப்பத்திமூணு சார்!" வாத்தியார் ரிஜிஸ்தரை நீட்டினார். "ரிஜிஸ்தரப் பாருங்க சார்."

ரிஜிஸ்தரை அவர் வாங்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஞானமணியிடம் புத்தகத்தைக் காட்டி, "வாசிம்மா" என்றார். அவள் எழுந்து ஒரு பக்கம் முழுக்கத் திக்காமல் திணறாமல் வாசித்தாள். "பேஷ், பேஷ்!" என்றார். கைக்குட்டை பையிலேயே இருந்தது.

"சரி, பிள்ளைங்களா, எல்லாரும் எந்திரிச்சு வெளியில போய் நில்லுங்க."

வெளியே நிறுத்தி எண்ணப்போகிறார்! வாத்தியார் வேப்பமரத்தடியில் இரண்டு வரிசை போட்டார். கோணல் நின்றவனின் தோளைப் பிடித்து நேராக்கினார். அடைக்கலமேரி ஒருத்தியின் பாவாடைச் சேற்றைக் கிள்ளியெடுத்தாள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். ஆபீசரோடு வந்த டவாலிச் சேவகன் ஒரு பெஞ்சைக் கவிழ்த்து, அடிப்பலகையில் சாக்குக்கட்டியால் ஒன்று என்று எழுதினான். அடுத்ததில் இரண்டு. ஆபீசர் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். "பெஞ்சு ஏழு. கரும்பலகை ஒண்ணு. நாற்காலி ஒண்ணு. மேசை ஒண்ணு. அந்த மணியையும் எறக்கு."

"சார்..." என்றார் வாத்தியார். "பிள்ளைகள எண்ணலியே சார்?"

"அதுக்கு எனக்கு உத்தரவு இல்லையே. இந்தப் பள்ளிக்கூடத்த மூடி போன மாசமே ஆர்டர் ஆயிருச்சே, உமக்கு வரலியா? தபால்ல வந்துக்கிட்டிருக்கும். நான் சாமான ஏத்திக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

அடைக்கலமேரி உள்ளே வந்துவிட்டாள். "சார், முப்பத்திமூணு பிள்ளைக நிக்கிது. ஒருக்கா எண்ணிப் பாருங்க. வெரல விட்டு எண்ணுங்க சார்!"

"கண்ணுக்குத் தெரியுதும்மா. ஆனா போன வருசம் எடுத்ததுதான் கணக்கு."

"போன வருசமும் இதே பிள்ளைகதான் சார்! மாசியில வாடிக்குப் போயிருவோம். நீங்க ஆடியில வந்து பாருங்க, ஒக்கார எடம் இருக்காது."

"மாசியிலதான் எனக்கு இந்தப் பக்கம் டூர் போடுறாங்க," என்றார் ஆபீசர். உண்மையிலேயே சங்கடப்பட்டவர் போலத்தான் சொன்னார்.

"பெஞ்சாச்சும் விட்டுட்டுப் போங்க. அது எங்க மாமனாரு வல்லம் ஒடஞ்சப்ப அந்தப் பலகையில அடிச்சுக் குடுத்தது."

"பள்ளிக்கூடத்துக்குள்ள இருந்தா போர்டுச் சாமான்தாம்மா."

வாத்தியார் கையெழுத்துப் போட்டார். சாமான்களைச் சரிபார்த்து ஒப்படைத்ததற்கு ஊர்க்காரர் ஒருத்தரும் சாட்சி போட வேண்டுமாம். ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? இருளாண்டி பனந்தோப்பில் இருந்தான். "போட மாட்டேன்" என்றாள் அடைக்கலமேரி. "நீ போடாட்டியும் சாமான் போகத்தான் போகுது. வாத்தியாருக்குத்தான் பாக்கிச் சம்பளம் நிக்கும்" என்றான் சேவகன். அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது; அவள் கையை நீட்டினாள்.

சேவகன் அவள் கட்டைவிரலை மையில் அழுத்தித் தாளில் உருட்டினான். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. திரும்பவும் உருட்டினான். அதே திட்டு. விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான்.

"ரேகையே இல்லையே சார். உப்பு அரிச்சிருக்கு."

ஆபீசர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே வரிசை கலையாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "அந்தப் பொண்ணக் கூப்பிடு. நல்லா வாசிச்சுதே, அது."

ஞானமணி வந்தாள். ஆபீசர் தன் பேனாவைக் கொடுத்து, இடத்தைக் காட்டினார். மேசை வண்டிக்குப் போய்விட்டதால் தாளைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மை படிந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஞானமணி நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கோடு மீறாமல், இனிஷியலோடு தன் பேரை எழுதி, கீழே தேதியும் போட்டாள்.

"முத்து முத்தா இருக்கே! எத்தனாங்கிளாசு?"

"அஞ்சு சார். சித்திரையில பரீட்சை."

சேவகன் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான். ஞானமணி பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மை கலைந்துவிடாதபடி, பேர் காய்கிற வரைக்கும் மெல்ல ஊதிக்கொண்டு நின்றாள்.