எய்னாருக்குக் கயிறு பிடித்தவன்

1943, மாசி மாதம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த சரக்குக் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரனைத் தோணியில் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் போனார்கள். மலேரியா. கப்பல் மறுநாளே கிளம்பிவிட்டது. பேர் எய்னார், ஊர் நார்வே. அந்த ஊரை ஜெர்மன்காரன் பிடித்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அவன் அம்மாவிடமிருந்து கடுதாசி வந்தும் அவ்வளவு காலம்.

நான் அங்கே வார்டு வேலைக்காரன். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் சங்கு குளித்தேன். காதுச்சவ்வு கிழிந்ததும் கடல் எனக்கு இல்லையென்று ஆயிற்று. பெண்டாட்டி பிளாரன்ஸ் பேறுகாலத்தில் போய்விட்டாள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகக் கால் வராது. சுவரோடு எவ்வளவு நேரம்தான் பேசுவது? அதனால் எய்னார் கட்டிலருகே உட்கார்ந்துகொள்வேன். கப்பல்காரர்களிடம் பொறுக்கிய என் ஓட்டை இங்கிலீஷும் அவன் இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கஞ்சிக்குக் கருவாடு கேட்ட வெள்ளைக்காரனை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒரே மாதத்தில் அவன் எனக்குச் சொந்தக்காரன்போல ஆகிவிட்டான்.

ஒருநாள் சொன்னான். அவன் ஆட்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேருமுன் அவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்ததாம். உயிருக்கு உடுத்திக்கொள்ள ஓர் உருவம் உண்டு. உடம்பு அசையாமல் கிடக்கும்போது அது பறவையாகவோ மிருகமாகவோ வெளியே போய், பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டு வரும். வரும்வரை உடம்பைத் தொடக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போன காரியம் முடியாமலே திரும்பிவிடும். அப்புறம் அந்த ஆள் ஜென்மத்துக்கும் அப்படிப் போக முடியாது.

"அம்மா இருக்கிறாளா என்று போய்ப் பார்க்கணும். யாரும் கூப்பிடாமல் நீ பார்த்துக்கொள்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கு குளிக்கிறவன் கீழே போனால் மேலே கயிறு பிடிப்பது அவன் மைத்துனன்தான். கூடப் பிறந்தவள் தாலி அறுந்துவிடக் கூடாதே என்று கண் இமைக்காமல் பிடிப்பான். இவனுக்கு இந்த ஊரில் மைத்துனன் ஏது? நான் பிடிக்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் எய்னார் கண்ணை மூடிப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் விரல்கூட அசையவில்லை. கம்பவுண்டர் ஜேசுபாதம் கொயினா பாட்டிலோடு வந்தார்.

"ஏலே ரோச், அவன எழுப்பு. மருந்து குடுக்கணும்."

"செத்த நேரம் கழிச்சு வாரும் அண்ணாச்சி."

"என்னலே, பொணம் மாதிரில்லா கெடக்கான்?"

"தூங்குதான். நான் பாத்துக்கிடுதேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வெயில் ஜன்னல் தாண்டி எதிர்ச்சுவருக்குப் போகும்வரை நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "எய்னார், எய்னார்" என்று கத்தினேன்.

அவன் விழித்தான். என்னை அடையாளம் தெரிய நேரமாயிற்று. தெரிந்ததும் சின்னப்பிள்ளையைப் போல அழுதான். பனிக்கு மேலே பறந்து போனானாம். வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுப்படியில் ஒரு பெண்பிள்ளை முதுகு காட்டி நின்றாள். அவன் சத்தம் கேட்டுத் திரும்பினாள். முகம் தெரிவதற்குள் நான் கூப்பிட்டுவிட்டேன்.

"அது அம்மாவா, வேறு யாராவதா, தெரியவில்லை. ஏன் கூப்பிட்டாய்?"

"மூச்சு நின்றுபோயிற்று" என்றேன்.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜேசுபாதம் அதைக் கேட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பத்து நாளில் வேறொரு கப்பலில் அவனுக்கு இடம் கிடைத்தது. தோணி ஏறுமுன் கடற்கரையில் என்னைக் கட்டிப்பிடித்தான். "நீ எனக்கு உயிர் கொடுத்தாய். அம்மா இருந்தால் உன் பேரைச் சொல்வேன்" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூச்சு நிற்கவில்லை. அத்தனை வருஷம் கடலில் முங்கியவனுக்கு மூச்சு தெரியாதா? சீராகத்தான் வந்துகொண்டிருந்தது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்தில் என்னைப் பார்த்து ஒருநாளும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. அங்கேயே தங்கிவிடுவான் என்று எனக்குப் பட்டது. பயந்துபோய்க் கூப்பிட்டேன்.