காக்கா விரட்டும் வேலை

ஆவுடைத்தாய் இரண்டு கால்களாலும் நெல்லைக் கிண்டிக்கொண்டே குற்றாலத்து மலையைப் பார்த்தாள். உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. அது தென்காசிக்கு வந்து சேர்வதற்குள் களத்தில் கிடக்கும் அவித்த நெல்லை இன்னொரு தடவை கிண்டிவிட வேண்டும். சாரல் விழுந்தால் குவித்து மூட வேண்டும். மூடினால் நெல் புழுங்கி நாறும். நாறினால் முதலாளி வானத்தைத் திட்ட மாட்டார்.

"ஏளா ஆவுடை, தீ அணையப் போவுது. உமி தள்ளுறது இன்னைக்கு ஒன் மொறைதானே?" என்று அவிக்கிற கொப்பரைப் பக்கமிருந்து ஜெபமலர் கத்தினாள்.

ஆவுடைத்தாய் ஓடிப்போய் உலைவாய்க்கு முன்னால் குந்தினாள். உலைக்கு உமி தள்ளுவது உண்மையில் பால்வண்ணநாதனின் வேலை. பால்வண்ணநாதன் இப்போது குற்றாலத்தில் தலைவனாகிக்கொண்டிருந்தான்.

அரிசி ஆலைகளிலிருந்து ஆலைக்கொரு தொழிலாளியைக் கூப்பிட்டு, சீசன் சமயத்தில் ஒரு பங்களாவில் தங்கவைத்து, தலைமைப் பயிற்சி கொடுக்கிறார்களாம். "யாரு போறியோ போங்க. உலை மட்டும் அணையக் கூடாது," என்று முதலாளி சொல்லிவிட்டார். பால்வண்ணநாதன் பெயரைச் சொன்னது ஆவுடைத்தாய்தான். பேப்பர் படிப்பான். குடிதண்ணீர்த் தொட்டியில் புழு கிடந்தபோது கணக்குப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்தியவன். அவன் வரும்வரை உமியைப் பெண்கள் முறைவைத்துத் தள்ளுவதாகப் பேச்சு.

"ஏலே பால்வண்ணம், எங்க குழல்வாய்மொழி விசயத்த மறந்துராத," என்று சொல்லித்தான் அவனை பஸ் ஏற்றினாள்.

"வந்த அன்னைக்கே மொதப் பேச்சு ஒங்க நாத்தனா பேச்சுதான்க்கா. மொதலாளிமாருகிட்ட எப்பிடிப் பேசணும்னுதானே அங்கன சொல்லிக்குடுக்காவ!"

குழல்வாய்மொழி ஆவுடைத்தாயின் புருஷனுக்குத் தங்கை. சித்திரையில், கொப்பரையிலிருந்து எடுத்த நெல்லைத் தலையில் சுமந்து வரும்போது பனையோலைக் கடவப் பெட்டி அடிவிட்டு, கொதிக்கக் கொதிக்க அவ்வளவும் வலது காலில் கொட்டியது. கடவம் இற்றுப்போயிற்று, வேறு கொடுங்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தாள். புண் ஆறுவதற்குள் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. இனி அவளால் சுமக்க முடியாது, வெகுநேரம் நிற்கவும் முடியாது. உட்கார்ந்து செய்கிற வேலை ஆலையில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. களத்து மூலையில் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே இருந்து காக்கா விரட்டுவது. அதைப் பார்த்துவந்த கிழவர் இறந்துபோய் இடம் காலியாகக் கிடந்தது. ஆவணி பிறப்பதற்குள் வேலை கிடைக்காவிட்டால் கடையத்தில் ஒரு வீட்டில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவதாக அண்ணன்காரன் சொல்லிவிட்டான். அந்த வீட்டில் வேலைக்காரிகள் என்ன பாடு படுவார்கள் என்று ஊருக்கே தெரியும்.

ஆவுடைத்தாய் ஒரு யோசனை சொன்னாள். "ஏட்டி, மதில் இடிஞ்சு கெடக்குல்லா, அங்கன வெளியில கல்லுமேல உக்காந்து விரட்டு. வேலை தெரிஞ்சவன்னு மொதலாளி கண்ணுல படட்டும்."

"சும்மாவா மயினி?"

"பால்வண்ணம் வார வரைக்குந்தான்."

அன்று முதல் குழல்வாய்மொழி துணி சுற்றிய காலை நீட்டிக்கொண்டு மதிலுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்தாள். "ஊய்!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் களத்தின் மறுகோடியில் இருக்கும் காக்காயும் எழுந்து பறந்தது. முதலாளி இரண்டொரு தடவை நின்று பார்த்தார். ஆவுடைத்தாய்க்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

ஆலை விடுமுறையன்று நினைவூட்டி வரலாமென்று அவள் குற்றாலம் போனாள். பங்களாத் தோட்டத்தில் ஆண்கள் வட்டமாகச் சம்மணமிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் வெள்ளை ஜிப்பா. எல்லார் தலையிலும் எண்ணெய்க் குளியலின் மினுமினுப்பு. நடுவில் நின்ற மூக்குக்கண்ணாடிக்காரர், "அருவிச் சத்தத்தில் மனத்தை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் சிருஷ்டி சக்தி விழிக்கட்டும்," என்று தாலாட்டுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். பால்வண்ணநாதன் ஒரு கண்ணைத் திறந்தான். ஆவுடைத்தாயைப் பார்த்தான். திரும்பவும் மூடிக்கொண்டான்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் வந்தான். தொந்தி லேசாகப் போட்டிருந்தது.

"இங்கனல்லாம் வரலாமாக்கா? மௌன வேளைல்லா இது."

"குழல்வாய்மொழி விசயம்..."

"பிரச்சனை பிரச்சனைன்னு அலையக் கூடாதுன்னுதான் சொல்லிக்குடுக்காவ. மனசு ஒரு புள்ளியில நின்னா வழி தானா வரும். நான் முன்ன மாதிரி இல்லக்கா. வளந்துட்டேன்."

பந்தியில் வடை பரிமாறும் சத்தம் கேட்டது. வளர்ந்தவன் அவசரமாக உள்ளே போனான். எங்கே வளர்ந்தான் என்று ஆவுடைத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் படித்தவர்கள் சொல்லிக்கொடுப்பதில் ஏதாவது இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு திரும்பினாள்.

அவன் திரும்பிய அன்று களத்தில் கூட்டம் போட்டார்கள். முதலாளி நாற்காலியில் இருந்தார். பெண்கள் நெல்லுக்கு நடுவில் நின்றார்கள். பால்வண்ணநாதன் கழுத்தில் கதம்ப மாலை. கணக்குப்பிள்ளைகூடக் கை தட்டினார்.

"தாய்மார்களே!" என்று ஆரம்பித்தான்.

"ஏளா, நம்மளத்தான் சொல்லுதானா?" என்று ஜெபமலர் ஆவுடைத்தாயின் காதில் கிசுகிசுத்தாள்.

தலைவன் என்பவன் யார், அவன் எப்படி உட்காருவான், எப்படி எழுந்திருப்பான், மனத்தை எப்படிக் கூர்மையாக்குவான் என்றெல்லாம் பேசினான். குற்றாலத்து மேகம் தென்காசிக்கே வந்துவிட்டது. யாரும் நெல்லைக் குவிக்க நகரவில்லை. குழல்வாய்மொழியின் பெயர் எப்போது வரும் என்று ஆவுடைத்தாய் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிலுக்கு வெளியேயிருந்து "ஊய்!" என்று சத்தம் வந்தது. பால்வண்ணநாதன் பேச்சை நிறுத்திக் கையை அந்தப் பக்கம் நீட்டினான்.

"அங்கன பாருங்க! அந்தம்மா எங்கிட்ட சம்பளம் கேட்டுச்சா? மொதலாளிகிட்டக் கேட்டுச்சா? யாரு சொல்லியும் செய்யல. கால் புண்ணோட தானா வந்து ஒழைக்குது. இதுக்குப் பேரு என்ன தெரியுமா? சிரமதானம்! முகாமுல இதைத்தான் சொன்னாவ. நீங்களும் என் உலையை யாரு கட்டாயமும் இல்லாமப் பாத்துக்கிட்டீங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு."

முதலாளிக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அது வேலைக்குத்தாம்லே உக்காந்திருக்கு!" என்று ஆவுடைத்தாய் கத்திவிட்டாள். "நீ கேட்டு வாங்கித் தாரேன்னுதானே போன!"

பால்வண்ணநாதன் கோபப்படவில்லை. அதற்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள் போலும். "ஆவுடைத்தாயி, லே கீன்னு இனிமே கூப்புடக் கூடாது," என்று மெதுவாகச் சொன்னான். போகும்போது அக்கா என்று சொல்லிவிட்டுப் போனவன்.

"இப்ப என்ன, தீவாளி வரைக்கும் இப்பிடியே வரட்டும். பொறவு பாப்போம்," என்றார் முதலாளி. "பால்வண்ணத்தை மேஸ்திரியாப் போட்டிருக்கேன். உலையைத்தான் நீங்களே நல்லாப் பாத்துக்கிடுதீகளே, அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

அதற்குள் சாரல் விழுந்துவிட்டது. மாலையை நனையவிடாமல் பிடித்துக்கொண்டு பால்வண்ணநாதன் கீற்றுக் கொட்டகைக்கு ஓடினான். பெண்கள் பலகையும் தார்ப்பாயுமாக நெல்லைக் குவிக்க ஓடினார்கள். ஆவுடைத்தாய் குவிக்கக் குவிக்க அழுதாள். அவனை அனுப்பியதும் அவள்தான், குழல்வாய்மொழியைக் கல்மேல் உட்காரவைத்ததும் அவள்தான்.

அன்று இரவு வீட்டில், "வர வேண்டாம்ட்டி" என்று சொல்லிப் பார்த்தாள்.

"வராட்டா அண்ணன் கடையத்துக்கு அனுப்பிருவான் மயினி. தீவாளிக்குப் பாக்கோம்னு மொதலாளி சொன்னாவல்லா," என்றாள் குழல்வாய்மொழி.

மறுநாள் வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது. கீற்றுக் கொட்டகையின் கீழே முதலாளி வீட்டிலிருந்து வந்த ஒரு நாற்காலி கிடந்தது. அதில் மேஸ்திரி பால்வண்ணநாதன் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, மனத்தை ஒரு புள்ளியில் நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் காலடி நிழலை ஒட்டி இரண்டு காக்கைகள் இறங்கி நெல்லைப் பொறுக்கின.

"ஊய்!" என்று மதிலுக்கு வெளியே, வெயிலிலிருந்து குரல் வந்தது.

பால்வண்ணநாதன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"ஏளா, சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சுப் போடு. மனசு நிக்க மாட்டேங்கு."

அதற்கப்புறம் குழல்வாய்மொழி வாயைத் திறக்கவில்லை. ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்று, முந்தானையை உயர்த்தி உயர்த்தி வீசி, சத்தமில்லாமல் காக்கா விரட்டினாள்.